சிறு பெட்டியில் பெரும் போர்

நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராய்ச் சென்று ஆடிய நாளில், பெருநகரத்து அரங்கிலே வண்ணத் திரைகளும் விளக்கு வரிசைகளும் கொண்டு நடித்த அதே நாடகத்தைச் சிற்றூரின் கீற்றுக் கொட்டகையிலும் நடிக்க வேண்டி வரும். அரண்மனைத் திரை அங்கே நிமிர்ந்து நிற்க உயரம் போதாது. பத்து விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டே எரியும். ஆயினும் சீட்டு வாங்கி வந்து அமர்ந்தவர்கள் கதையைக் கண்டு கண் கலங்கித்தான் எழுந்து சென்றார்கள். எதை வண்டியிலேற்றுவது, எதை விட்டுச் செல்வது என்னும் தேர்விலேதான் அக்கம்பெனியை நடத்தியவரின் அறிவு விளங்கிற்று.

இக்காலத்து வீடியோ கேம் உலகிலும் இதே தேர்வு நாள்தோறும் நிகழ்கின்றது. வலிமை மிக்க கன்சோலுக்கென்று உருவாக்கிய ஒரு விளையாட்டை, வலிமை குறைந்த வேறொரு கன்சோலுக்கு மாற்றி அமைக்கின்றனர். இதனை அத்துறையினர் போர்ட் செய்தல் என்பர். நம் சங்கக் குடும்பங்களிலும் இது பற்றிய வினா எழாமலில்லை. “அதே விளையாட்டு இதிலும் வருகிறது, விலையோ பாதி, ஆனால் படம் மட்டம் என்கிறார்கள். வாங்கலாமா, கூடாதா?” என்று பிள்ளைகள் கேட்க, பெற்றோர் விடை அறியாது விழிக்கின்றனர். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவதில் வாங்கப்படும் பொருளாதலின், இவ்வினாவைச் சிறுபிள்ளை விவகாரம் என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. புகழ் பெற்ற போர் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இரண்டாண்டு தாமதித்து வந்த போர்

அமெரிக்காவின் இன்ஃபினிட்டி வார்ட் நிறுவனத்தார் ஆக்கிய ‘கால் ஆஃப் டூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்’ என்னும் விளையாட்டு 2007 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு முந்திய மூன்று பாகங்களும் இரண்டாம் உலகப் போரையே களமாகக் கொண்டிருக்க, இது தற்காலப் போருக்கு மாறிற்று. எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, கணினி ஆகியவற்றில் அது வெளியானது. நின்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ என்னும் கன்சோலில் மட்டும் அப்போது வரவில்லை.

வீ 2006 நவம்பரில் அமெரிக்காவில் 250 டாலர் விலைக்கு விற்பனைக்கு வந்தது. அதே மாதம் வந்த பிளேஸ்டேஷன் 3 அங்கே 500 டாலருக்கும் 600 டாலருக்கும் விற்றது. விலையில் பாதி, வலிமையிலோ பாதியினும் மிகக் குறைவு. ஆயினும் கையிலுள்ள கோலை அசைத்தே ஆடலாம் என்ற புதுமையினால் பாட்டிமார் முதல் பேரப்பிள்ளைகள் வரை அதனை விரும்பினர். விற்பனை முடிவதற்குள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட வீ பெட்டிகள் உலகெங்கும் விற்றிருந்தன. இத்தனை வீடுகளில் ஒரு கருவி இருக்க, அவ்வீடுகளை விட்டுவிட எந்த வணிகருக்குத்தான் மனம் வரும்?

ஆகவே 2009 நவம்பர் 10ஆம் நாள், ‘ரிஃப்ளெக்ஸ் எடிஷன்’ என்னும் பெயருடன் அவ்விளையாட்டு வீயிலும் வந்தது. மாற்றியமைத்தவர்கள் ட்ரையார்க் என்னும் மற்றொரு நிறுவனத்தார். வலிமை மிக்க கன்சோல்களில் அக்கதையின் அடுத்த பாகம் வெளியான நாளும் அதுவே. பணக்கார வீட்டுப் பிள்ளை புதுப் பாடநூலைத் திறக்கும் அன்றைக்கே, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அவனுடைய பழைய நூல் வந்து சேர்ந்தது போன்றது இது. எனினும், பழைய நூலிலும் பாடம் முழுமையாக இருந்ததா என்பதே நாம் காண வேண்டியது.

இரு கருவிகளின் அளவை

எண்களைக் கண்டு வாசகர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. கடைக் கணக்கைப் போன்றதே இது.

எக்ஸ்பாக்ஸ் 360இன் மூளை எனத்தக்க பிராசசர் 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மூன்று கூறுகளைக் கொண்டது. வீயினுடையது 729 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரே கூறு. வேலை செய்யும்போது வேண்டிய பொருள்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை போன்றது நினைவகம். எக்ஸ்பாக்ஸ் 360இல் அது 512 மெகாபைட், வீயில் 88 மெகாபைட். அதாவது, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

இனிப் படத்தைப் பார்ப்போம். திரையிலே காணும் படம் பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளால் ஆனது. கோலப் புள்ளிகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு நுணுக்கமாகக் கோலம் அமையுமன்றோ? மாடர்ன் வார்ஃபேர், வலிமை மிக்க கன்சோல்களிலேயே உயர்தரத் திரையின் முழு அளவுக்கு வரையப்படவில்லை. 1024 புள்ளி அகலம், 600 புள்ளி உயரம் என்ற அளவில் வரைந்து, பின்னர் பெரிதாக்கியே காட்டினர். விநாடிக்கு 60 படங்கள் என்ற வேகத்தைக் காக்கும் பொருட்டு, அதை ஆக்கியவர்களே மனமுவந்து செய்துகொண்ட சிக்கனம் அது. வீயில் படத்தின் அளவு 640க்கு 480.

பெருக்கிப் பார்த்தால், முதலாவதில் 6,14,400 புள்ளிகள், இரண்டாவதில் 3,07,200. சரிபாதி! எனவே, புள்ளிக் கணக்கில் மட்டும் பார்த்தால் வீ அவ்வளவு ஏழையன்று. மேசையின் அளவோ ஆறில் ஒன்றாய்ச் சுருங்கிற்று. ‘படம் மட்டம்’ என்று பொதுப்படச் சொல்வோர் பெரும்பாலும் புள்ளிக் குறைவையே குறை கூறுவர். உண்மையில் மாற்றியமைத்தவர்களை வாட்டியது மேசையின் குறுக்கமே என்று நாம் கருதுகின்றோம்.

எங்கே கத்தரி விழுந்தது?

விளையாட்டில் காணும் சுவர், தரை, சிப்பாயின் உடை ஆகிய யாவும் வெறும் வடிவங்கள். அவற்றின்மீது காகிதம் ஒட்டுவதுபோல் ஒட்டப்படும் படங்களுக்கு டெக்ஸ்சர் என்று பெயர். செங்கல்லின் பிளவும் இரும்பின் துருவும் இப்படங்களிலேதான் இருக்கின்றன. இவை யாவும் அம்மேசையின்மீது இடம் பிடிப்பவை. ஒரு படத்தின் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் அது பிடிக்கும் இடம் நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே இடமில்லாதபோது முதல் கத்தரி இங்கேதான் விழும். வீயில் ஆடுவோர் சுவரருகே சென்று நின்றால், செங்கற்களின் கோடுகள் கலங்கி, நனைந்த சுவரொட்டி போல் தோன்றியதன் காரணம் இதுவே.

இரண்டாம் கத்தரி ஒளியின்மீது விழுந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 போன்ற கருவிகளில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி எப்படிப் படியும் என்பதைக் கணக்கிட ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை ஆக்குவோர் தம் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். வீயின் படம் வரையும் சில்லில் அவ்வசதி இல்லை. முன்னரே வகுத்து வைத்த சில படிகளைக் கூட்டியும் குறைத்துமே அதில் ஒளியைக் காட்ட முடியும். நம் வீட்டுப் பெண்டிரின் மொழியில் சொன்னால், முன்னதில் அவரவர் கைப்பக்குவத்திற்கு மசாலா அரைத்துக்கொள்ளலாம். பின்னதில் டப்பாவில் வந்த பொடிகளைக் கலந்தே குழம்பு வைக்க வேண்டும். ஆகவே அசலில் எழுதிய ஒளிக் கணக்குகளை அப்படியே பெயர்த்துவைக்க வழியில்லை. அவற்றை ஒத்த வேறொன்றைப் புதிதாகவே ஆக்க வேண்டியிருந்தது. நனைந்த தரையின் மினுமினுப்பும், உலோகத்தின்மேல் ஓடும் ஒளியும், புகையின் அடர்த்தியும் குறைந்தன.

மூன்றாவதாக, விநாடிக்கு 60 படங்கள் என்ற ஓட்டத்தை வீயில் காக்க முடியவில்லை. இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் பகுதியில், அசல் கன்சோல்களில் 18 பேர் வரை ஒரு களத்தில் இறங்கலாம். வீயில் 10 பேர்.

கத்தரி விழாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். கதைப் பகுதி முழுவதும் வீயில் இருந்தது. கொந்தளிக்கும் கடலில் சரக்குக் கப்பலின்மீது இறங்கும் கட்டம் முதல் இறுதிப் பாலம் வரை, கட்டங்கள் வந்து சேர்ந்தன. சுருக்கப் பதிப்பைக் கொடுத்துவிட்டு முழு நூல் என்று கூறவில்லை. மாற்றியமைத்தவர்களின் நேர்மைக்கு இது சான்று.

போரில் கண் செய்யும் வேலை

நிற்க. படத்தின் அழகு குறைந்தால் விளையாட்டின் சுவையும் அதே அளவு குறையுமா? சதுரங்கக் காய்கள் தந்தத்தில் இருந்தாலென்ன, மரத்தில் இருந்தாலென்ன? ஆனால் போர் விளையாட்டு சதுரங்கம் அன்று. அதில் படம் அலங்காரம் மட்டுமன்று; செய்தியும் ஆகும். தொலைவில் அசைவது பகைவனா, காற்றில் ஆடும் துணியா என்று கண் சொல்ல வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. அசலிலே தொலைவில் நிற்கும் ஒருவன் 20 புள்ளி உயரமும் 10 புள்ளி அகலமும் உடையவனாகத் தோன்றுகிறான் என்று கொள்வோம். ஏறக்குறைய 200 புள்ளிகளால் ஆன மனிதன். அவனே வீயின் திரையில் 16 புள்ளி உயரமும் 6 புள்ளி அகலமும் கொண்டு, நூறுக்கும் குறைந்த புள்ளிகளில் அடங்கிவிடுவான். அருகே உள்ளவனுக்கு இதனால் பெருங்கேடு இல்லை. தொலைவில் உள்ளவனோ பின்னணியோடு கரைந்துவிடுவான். திறமைக் குறைவினால் அன்றிப் பார்வைக் குறைவினால் ஒருவன் தோற்பானாயின், அங்கே படத்தின் குறை விளையாட்டின் குறையாகவே மாறிவிடுகின்றது.

ஓட்டத்தின் கதையும் இவ்வாறே. விநாடிக்கு 60 படங்கள் என்றால், ஒவ்வொரு படமும் 17 மில்லிவிநாடிக்கும் சற்றுக் குறைந்த நேரம் நிற்கும். 30 ஆகக் குறைந்தால் 33 மில்லிவிநாடி நிற்கும். கை செய்ததைக் கண் காண்பதற்கு ஆகும் நேரமும் அதற்கேற்ப நீளும். தாளம் தப்பாத மிருதங்கக்காரர் எளிய வாத்தியத்தை வைத்துக்கொண்டும் கச்சேரியைக் காப்பாற்றிவிடுவார். தாளம் தப்பினால் பொற்பூண் கட்டிய மிருதங்கமும் பயன்படாது. எனவே, குறைக்க வேண்டிய நிலை வருங்கால், சுவரின் வேலைப்பாட்டைக் குறைத்து ஓட்டத்தின் சீரைக் காப்பதே அறிவுடைமை. ஒரே சீராய் ஓடும் 30, அடிக்கடி தடுக்கி விழும் 40ஐக் காட்டிலும் மேலானது.

பிரிப்யாட் நகரின் சுவர்கள்

அப்படியானால் டெக்ஸ்சர் எத்தனை மங்கினாலும் குற்றமில்லை என்று முடித்துவிடலாமா? அவ்விளையாட்டிலேயே அதற்கு மறுப்பு இருக்கின்றது.

அதன் இரு கட்டங்கள் உக்ரைன் நாட்டின் பிரிப்யாட் நகரில் நடக்கின்றன. இது கற்பனை நகரன்று. செர்னோபில் அணுமின் நிலையத்து ஊழியர்களுக்காக 1970இல் அமைக்கப்பெற்ற மெய்யான ஊர். 1986 ஏப்ரல் 26 அன்று உலை வெடித்தது. மறுநாள், அந்நகரில் வாழ்ந்த ஏறத்தாழ 49,000 பேரும் பேருந்துகளில் வெளியேற்றப்பட்டனர். சில நாட்களுக்கு மட்டுமே என்று எண்ணி, தாள்களையும் சிறிது உணவையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள், பின் என்றுமே அங்கே குடியேறவில்லை. அந்த ஆண்டு மே நாளில் திறப்பதற்கென நிறுத்தி வைத்திருந்த பெரிய இராட்டினம் இன்றும் அப்படியே நிற்கின்றது. விளையாட்டிலே இரண்டு வீரர்கள் புல்லோடு புல்லாய் மறைந்து இந்நகரினுள் ஊர்ந்து செல்கின்றனர். பகைவரின் படை அவர்களை மிதித்துவிடும் நெருக்கத்தில் கடந்து செல்ல, அசையாது கிடக்க வேண்டும். பின்னர் அந்த இராட்டினத்தின் அடியிலேயே நின்று போராட வேண்டும்.

இக்கட்டத்தில் புல் வெறும் அலங்காரமன்று. அதுவே வீரனின் அரண். புல் மெலிந்தால், “இவ்வளவு வெட்டவெளியில் கிடக்கும் என்னைப் பகைவன் ஏன் காணவில்லை?” என்ற ஐயம் ஆடுவோர் மனத்தில் எழும், ஐயம் எழுந்த அக்கணமே அச்சம் போய்விடும். வண்ணம் உரிந்த சுவரும் கண்ணாடி உடைந்த சன்னலும் அங்கே வெறும் அலங்காரமல்ல. மக்கள் விட்டுச் சென்ற வீட்டை நாம் அடையாளம் காண்பது அவ்வுரிசலைக் கொண்டே. பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டை ஆண்டுக்கு ஒருமுறை சென்று திறந்து பார்க்கும் நம் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சுவரின் நிறம் எந்த மூலையில் எவ்வாறு உரிந்திருக்கின்றது என்பதே அங்கே செய்தி. அது கலங்கிவிட்டால் வெறும் கட்டடம் எஞ்சும்; ஊர் மறைந்துவிடும்.

ஆகவே, ‘டெக்ஸ்சரைக் குறைக்கலாம்’ என்ற பொது விதிக்கு விலக்கு உண்டு. எந்தப் பொருள் கதையைச் சொல்கின்றதோ அதனைக் காத்து, எது இடத்தை மட்டும் நிரப்புகின்றதோ அதனைக் குறைத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் பாதியாக்குவது கணக்கர் வேலை. எதைப் பாதியாக்குவது என்று தேர்வதே கலைஞர் வேலை.

மங்கலே மெய்யாகும் இடம்

இதற்கு நேர்மாறான கட்டம் ஒன்றும் அவ்விளையாட்டில் உண்டு. ஏசி-130 என்னும் போர் விமானத்தின் உள்ளே அமர்ந்து, வெப்பத்தைக் காட்டும் கருவியின் திரை வழியே கீழே உள்ளவர்களைச் சுட வேண்டிய கட்டம் அது. வண்ணம் கிடையாது, கறுப்பும் வெளுப்பும்தான். மனிதர்கள் முகமற்ற வெண்பொட்டுகளாக ஓடுவர். அவர்களைச் சுடும்போது விமானத்துள் இருப்போர் அலுவலகக் கோப்பைப் பற்றிப் பேசுவார் போன்று அமைதியாகப் பேசிக்கொள்வர். ஊரிலுள்ள மாதா கோயிலின்மீது மட்டும் சுடக்கூடாதென்று கட்டளை உண்டு.

இக்கட்டம் அசலிலேயே மங்கலாகத்தான் இருந்தது. வேண்டுமென்றே அவ்வாறு ஆக்கினர். மெய்யான போரில் மெய்யான வீரன் காணும் திரையும் அப்படித்தான் இருக்கின்றது. 1991இல் வளைகுடாப் போரின்போது, குண்டுகள் இலக்கை நோக்கி விழும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவர்களுக்கு அது நினைவிருக்கும். ஆகவே இக்கட்டத்தில் எளிய கருவிக்கு இழப்பு மிகக் குறைவு.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. படம் தெளிவாக இருந்தால்தான் போர் உண்மையாகத் தோன்றும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். ஆனால் உள்ளத்தை உறுத்தும் கட்டம் எதுவென்றால், முகமே தெரியாத இக்கட்டம்தான். முகம் தெரியாததனால்தான் கொல்வது அவ்வளவு எளிதாயிற்று என்பதை அந்த வெண்பொட்டுகள் வாய் திறவாமலே சொல்லுகின்றன. படத்தின் தரம் வேறு, படம் சொல்லும் உண்மை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

முன்னும் பின்னும் நடந்தவை

இத்தகைய மாற்றம் வீயோடு தோன்றியதன்று, வீயோடு முடிந்ததுமன்று. 1993இல் கணினியில் வந்த ‘டூம்’ என்னும் விளையாட்டை 1995இல் சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்குக் கொணர்ந்தார் ராண்டி லிண்டன் என்பவர். கருவியின் வலிமை போதாமையால் விளையாட்டின் பெட்டியினுள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற கூடுதல் சில்லு ஒன்றை வைத்தனர். அப்படியும் தரைக்கும் கூரைக்கும் டெக்ஸ்சர் ஒட்ட இயலாது வெறும் நிறம் பூசினர். சில கட்டங்களை விட்டனர். அரக்கர்களின் முன்புற உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டமையால் எந்த அரக்கனும் முதுகு காட்டியதே இல்லை. ஆயினும் இருண்ட இடைவழியில் எதிர்பாராது அரக்கன் எதிர்ப்படும் அச்சம் அதிலும் இருந்தது.

2017 மார்ச்சில் நின்டெண்டோவின் சுவிட்ச் வந்தது. கையில் ஏந்தியும் ஆடலாம். தொலைக்காட்சியோடு இணைத்தும் ஆடலாம். பிளேஸ்டேஷன் 4இன் நினைவகம் 8 கிகாபைட்டாயிருக்க, இதில் 4. 2016இல் வந்த புதிய ‘டூம்’ விளையாட்டை பானிக் பட்டன் என்னும் நிறுவனத்தார் 2017 நவம்பரிலேயே சுவிட்சுக்கு மாற்றினர். விநாடிக்கு 60 படங்களை 30 ஆக்கினர். அந்த 30ஐ இயன்றவரை சீராகக் காத்தனர். களத்தில் நெருக்கடி மிகும்போது புள்ளிகளின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொண்டு, நெருக்கடி தணிந்ததும் ஏற்றிக்கொள்ளும் முறையையும் கையாண்டனர். வரவுக்கேற்பச் செலவை நாள்தோறும் மாற்றிக்கொள்ளும் குடும்பத் தலைவியின் முறை இது. நாஜிகளை எதிர்த்துப் போரிடும் ‘உல்ஃபென்ஸ்டைன் 2’ விளையாட்டையும் அவர்களே 2018 ஜூனில் இவ்வாறு கொணர்ந்தனர். 2007இல் வெளிவந்தபோது விலையுயர்ந்த கணினிகளையே திணற வைத்த ‘கிரைசிஸ்’கூட, 2020 ஜூலையில் சுவிட்சின் கையடக்கத் திரையில் ஓடிற்று.

சுவிட்ச் விஷயத்தில் மற்றொன்றையும் காண்கின்றோம். அதே மங்கல் படம், 6.2 அங்குலக் கைத்திரையில் தெளிவாகவும், கூடத்துப் பெரிய தொலைக்காட்சியில் கலங்கலாகவும் தோன்றும். படத்தின் தரம் கருவியில் மட்டும் இல்லை. பார்க்கும் திரையின் அளவிலும் பார்ப்பவர் அமரும் தூரத்திலும் இருக்கின்றது.

இழந்ததும் பெற்றதும்

வீயில் மாடர்ன் வார்ஃபேர் இழந்ததை எல்லாம் கூறினோம். பெற்றதைக் கூறாவிடின் நடுவுநிலை ஆகாது. மற்றக் கன்சோல்களில் கட்டை விரலால் சிறு குமிழைத் தள்ளித் தள்ளியே குறி பார்க்க வேண்டும். வீயிலோ கையிலுள்ள ரிமோட்டைத் திரையை நோக்கி நீட்டினால் போதும். நீட்டிய இடமே குறி. சுட்டு விரலால் சுட்டிக் காட்டுவது குழந்தை பேசக் கற்குமுன்னே கற்கும் செயலாதலின், புதிதாய் ஆடுவோர்க்கு இது கைவந்தது. புள்ளிகள் குறைந்ததனால் கண்ணுக்கு ஏற்பட்ட நட்டத்தை, குறி பார்த்தலின் எளிமை ஓரளவு ஈடு செய்தது. வெறும் நகலாய் நின்றுவிடாமல், போய்ச் சேர்ந்த இடத்தின் இயல்பைப் பயன்படுத்திக்கொண்டதனால்தான் அம்மாற்றம் மதிக்கத்தக்கதாயிற்று.

பிழைப்புத் தேடி வேற்றூருக்கு வந்த நமக்கு இது புதிய பாடமன்று. திண்ணையும் முற்றமும் கொண்ட வீட்டிலிருந்து இரண்டறைக் குடியிருப்புக்கு மாறியபோது, ஆட்டுக்கல்லையும் அண்டாக்களையும் விட்டு வந்தோம். ஆயினும் பொங்கலன்று பால் பொங்குகின்றது. கொலுவிற்குப் படிகள் ஐந்தானாலும் அமைகின்றன. விட்டு வந்தவற்றை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போர்க்கு இரண்டறையும் சிறை. காத்துக்கொண்டது எது என்று அறிந்தோர்க்கு அதுவே வீடு.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

இறுதியாக, வாங்க எண்ணுவோர்க்கு நம் கருத்துகளைத் தொகுத்துரைப்போம்.

ஒன்று: விளம்பரத்தில் காட்டும் படம் எந்தக் கன்சோலில் எடுத்தது என்று கேளுங்கள். நீங்கள் வாங்கும் கருவியிலேயே அவ்விளையாட்டு ஓடுவதைக் கண்டபின் பணம் கொடுங்கள். பார்க்கும்போது அழகிய மலையையும் வானத்தையும் பாராதீர்கள். பலர் ஒருங்கே மோதும் நெருக்கடியில் படம் தடுக்குகின்றதா, தொலைவில் உள்ளவன் தெரிகின்றானா என்று பாருங்கள்.

இரண்டு: கருவிக்குரிய இணைப்புக் கம்பியையும் விசாரியுங்கள். வீயோடு பெட்டியில் தந்த கம்பி, அக்கருவி காட்ட வல்ல நல்ல படத்தைக் காட்டவில்லை. அதற்கு வேறு கம்பி தனியே வாங்க வேண்டியிருந்தது. கருவியின்மேல் பழி போட்ட பலர் பழிக்க வேண்டியது கம்பியைத்தான்.

மூன்று: இணையத்தில் கூடி ஆடும் பகுதியை நம்பியே ஒரு விளையாட்டை வாங்குவதாயின், அது எத்தனை காலம் நடக்கும் என்று எண்ணுங்கள். வீயின் இணையச் சேவையை நின்டெண்டோ 2014 மே மாதம் நிறுத்திவிட்டது. அன்றோடு அக்கன்சோலில் மாடர்ன் வார்ஃபேரின் அப்பகுதியும் ஓய்ந்தது. கதைப் பகுதியோ வட்டும் கருவியும் உள்ளவரை நிலைத்திருக்கும். பழைய பொருளை மலிவாக வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் நலம்.

நான்கு, அனைத்தினும் முக்கியமானது: படம் மங்கல் என்பதனால் போர் மங்கலாகிவிடாது. வீ குடும்பத்தோடு ஆடும் கருவி என்று பெயர் பெற்றது. ஆயினும் அமெரிக்கத் தரக்குழு இவ்விளையாட்டிற்கு அக்கருவியிலும் 17 வயது நிரம்பியோர்க்கே உரியதென்று முத்திரை இட்டது. பத்து வயதுப் பிள்ளை கேட்கின்றானென்று, “சின்னக் கருவிதானே, படமும் தெளிவில்லையே” என்று வாங்கிக் கொடுத்துவிடுவது தகாது. முகமற்ற வெண்பொட்டுகளின் கட்டத்தை முன்னரே கூறினோம். அதைக் கண்டு திடுக்கிடும் அளவுக்கு மனம் முதிர்ந்தோர்க்குத்தான் அது உரியது. வளர்ந்த பிள்ளையாயின் உடன் அமர்ந்து ஒரு மாலைப் பொழுது பாருங்கள், பார்த்த பின், “அந்த மாதா கோயிலை மட்டும் ஏன் சுடக்கூடாது என்றார்கள்?” என்று கேளுங்கள்.

நண்பன் வீட்டில் விலையுயர்ந்த கன்சோல் இருக்க, தன் வீட்டில் எளியது இருப்பதை எண்ணிக் கூசும் பிள்ளைக்கும் ஒரு சொல். உன் திரையில் உள்ள புள்ளிகள் அவன் திரையில் உள்ளவற்றில் பாதியே, உண்மைதான். ஆனால் எங்கே பதுங்குவது, எப்போது எழுவது, யாரைச் சுடாமல் விடுவது என்னும் முடிவுகள் இரு திரையிலும் ஒன்றே. அவை உன் கையில் முழுமையாகவே இருக்கின்றன.